எத்தனை மணிக்குப் போனீர்கள்?

மாற்றலாகி அகமதாபாத்துக்கு வருகிற தமிழர்கள் அந்த ஊரைப் பார்த்து முடிக்கிற விதம் அநேகமாக ஒன்றுதான். முதல் ஞாயிறு சபர்மதி ஆசிரமம். அடுத்த ஞாயிறு சித்தி சய்யது மசூதியின் கல் ஜன்னல். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அடாலஜ் படிக்கிணறு, காந்திநகர் அக்ஷர்தாம், திரும்பும் வழியில் ஒரு பாந்தினிப் புடவை. அதோடு சரி. அப்புறம் மறு மாற்றல் ஆணை வரும்வரை, "இங்க என்ன சார் இருக்கு, வெயில்தான் இருக்கு" என்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் வங்கி வேலையாக நவஜீவன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கிய எனக்கும் இதே பட்டியலைத்தான் கையில் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டவர் எங்கள் கிளையின் தலைமைக் காசாளர்.

அவரை மேனேஜர் முதல் டீ கொண்டுவரும் பையன் வரை எல்லோரும் 'காகா' என்றே கூப்பிட்டார்கள். குஜராத்தியில் சித்தப்பா. பழைய கோட்டைக்குள் காடியா என்ற பகுதியில், தாத்தா காலத்து மரவீட்டில் பிறந்து அங்கேயே இருந்தவர். திங்கட்கிழமை காலை, கவுண்டர் திறக்குமுன், ஞாயிற்றுக்கிழமை எங்கே போனேன் என்று அவரிடம் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. நான் என்ன சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தனை மணிக்குப் போனீர்கள், சாகேப்?"

ஜும்மா மசூதிக்குப் பகல் பன்னிரண்டுக்குப் போனதாகச் சொன்னேன். "அப்படியானால் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. நம் நாட்டில் மசூதிகள் மேற்கு நோக்கித் தொழுவதற்குக் கட்டப்பட்டவை. ஆகவே வாசல்பக்கம் கிழக்கே திறந்திருக்கும். 1424இல் முடிந்த அந்த மசூதிக்குள் 260 தூண்கள். காலை வெயில் சாய்வாக உள்ளே நுழையும்போதுதான் ஒரு தூணுக்குப் பின்னால் இன்னொரு தூண் என்று அந்தக் கல் தோப்பு கண்ணுக்குத் தெரியும். நண்பகலில் உள்ளே ஒரே இருட்டு, வெளியே முற்றத்துக் கல்லில் கால் பொசுங்கும். சித்தி சய்யது மசூதிக்குக் கணக்கு நேர்மாறு. அந்தப் புகழ்பெற்ற மரக்கிளை ஜன்னல் மேற்குச் சுவரில் இருக்கிறது. உள்ளே நின்று பார்ப்பவர்கள் மாலையில்தான் போகவேண்டும். இறங்கும் வெயில் ஜன்னலுக்குப் பின்னால் வந்து நிற்கும். 1573இல் கட்டியவர்கள் அதை யோசிக்காமல் செய்திருக்க மாட்டார்கள் என்பது காகாவின் கட்சி.

இடங்களுக்கு மட்டும் என்றில்லை, தின்பண்டங்களுக்கும் அவர் அதே கேள்வியைத்தான் கேட்டார். அதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த ஊர் எனக்கு வேறாகிவிட்டது.

மாணேக் சௌக்கிலிருந்து தொடங்குகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு அது இரவுத் தீனிச் சந்தை. யாரைக் கேட்டாலும் "ராத்திரி பத்து மணிக்கு மேல் போ" என்பார்கள். காகா என்னை வரச் சொன்னது காலை ஆறரைக்கு. போனபோது கடை ஒன்றும் இல்லை. சதுக்கத்தின் ஓரங்களில் பச்சைப் புல் கட்டுகள் அடுக்கியிருந்தன. நடுவில் மாடுகள் நின்றன. நடைக்குப் போய்வரும் ஜனங்கள், கோயிலிலிருந்து திரும்பும் பெண்கள், ஸ்கூட்டரில் வந்தவர்கள் என எல்லோரும் காசு கொடுத்து ஒரு கட்டுப் புல் வாங்கி, அங்கேயே அந்த மாடுகளுக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். புல் விற்பவருக்குப் பிழைப்பு, வாங்கியவருக்குப் புண்ணியம், மாட்டுக்குச் சாப்பாடு. மாட்டுக்காரருக்குத் தீவனச் செலவு மிச்சம் என்பதைக் காகா ஒரு கண்ணைச் சிமிட்டிச் சொன்னார். வியாபாரத்தில் பிறந்த ஊர் அல்லவா.

வெயில் ஏறியதும் மாடுகள் போய்விடும். கூட்டிப் பெருக்குவார்கள். பத்து மணிக்குச் சுற்றிலும் நகைக்கடைகள் திறந்து, அந்த இடம் தங்கம் வெள்ளிச் சந்தையாகிவிடும். பம்பாய்க்கு அடுத்தபடியாக நாட்டின் பழைய பங்குச் சந்தை 1894இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. அதன் பழைய கட்டடமும் இந்தச் சதுக்கத்தில்தான். பட்டறைச் சந்துகளின் வாசலில் சிலர் மண்ணைத் துடைப்பத்தால் கூட்டித் தட்டில் சேர்ப்பதைப் பார்த்தேன். துப்புரவுப் பணியாளர்கள் என்று நினைக்கத் தோன்றும். பட்டறையிலிருந்து பறந்து விழுந்த தங்கத் துகளுக்காகத் தெருமண்ணை அலசிப் பிழைக்கிறவர்கள் அவர்கள். கடை மூடியதும் இரவு எட்டரை, ஒன்பதுக்கு அதே கல்தரையில் பெஞ்சும் அடுப்பும் வந்துவிடும். "காலையில் மாடு, பகலில் பொன், ராத்திரி வயிறு" என்று காகா மூன்று விரலை மடக்கினார்.

அந்த ராத்திரித் தீனியைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கலாம், ஒரு தடவை. பாவ் பாஜிக் கல்லில் வெண்ணெய்க் கட்டியை அப்படியே கவிழ்க்கிறார்கள். அன்னாசிப்பழமும் ஜாமும் வைத்த சாண்ட்விச்சின் மேல் சீஸைத் துருவிக் குவிக்கிறார்கள். 'குவாலியர் தோசை' என்று ஒன்று. குவாலியருக்கும் தோசைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்க, கடைக்காரர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் உங்களுக்குப் பிடிக்காது பாய், பாவ் பாஜி சாப்பிடுங்கள்" என்று அவரே சொல்லிவிட்டார். நாணயமான மனிதர். கூட்டமும் வெளிச்சமும் நன்றாக இருக்கின்றன. நாக்குக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

மாணேக் சௌக்கை ஒட்டி ராணி நோ ஹஜீரோ. ஊரை உண்டாக்கிய அகமது ஷாவின் அரச குடும்பத்துப் பெண்களின் சமாதி. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி. நவராத்திரிக்கு முன்னால் பக்கத்துவீட்டுப் பெண்ணுக்குக் கர்பா ஆட்டத்துக்கான கண்ணாடி வைத்த பாவாடை வாங்கப் போனவள், வந்து சொன்னாள்: "என்னங்க, அந்தக் கடைகளுக்கு நடுவுல ஒரு படிக்கட்டு மேல போகுது. ஏறினா பெரிய முற்றம், வானம் பார்த்த சமாதிங்க. கீழ பேரம், மேல ஒரு ஈ காக்கா இல்ல." மறுநாள் போய்ப் பார்த்தேன். கீழே நான்கு பக்கமும் துணிக்கடை, மணிக்கடை, பழைய வெள்ளிநகைக் கடை. அந்தக் கடைகள் சாய்ந்திருப்பது சமாதியின் வெளிச்சுவரில். மேலே வெள்ளைச் சலவைக்கல் சமாதி ஒன்று, சிப்பி பதித்த கறுப்புக்கல் சமாதி ஒன்று. சிப்பி பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஒரு பையன் பட்டத்துக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தான். கடைகளை அகற்றிச் சமாதியை மீட்கவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் துணி எடுக்க வருகிற இடம் அது. கடைகள் போனால் வேலி வரும், சீட்டு வரும், ஆள் வரமாட்டார்கள்.

பக்கத்தில் மூன்று வளைவு கொண்ட தீன் தர்வாஜா. அதன் தூணில் ஒரு மாடம், அதற்குள் ஒரு விளக்கு. ஊரைவிட்டுப் போகப் பார்த்த லட்சுமியை ஒரு காவல்காரன், "நான் திரும்பி வரும்வரை நில்லுங்கள்" என்று வாக்கு வாங்கிக்கொண்டு போய், திரும்பி வராமலிருக்கத் தன் தலையையே கொடுத்துவிட்டான் என்று கதை. லட்சுமிக்காக எரியும் அந்த விளக்கைத் தலைமுறைகளாக ஏற்றிவருவது ஒரு முஸ்லிம் குடும்பம். கீழே பிளாஸ்டிக் வாளியும் குழந்தைச் செருப்பும் கூவி விற்கிற இரைச்சலில் மேலே பார்க்க யாருக்கும் நேரமில்லை. இருட்டிய பிறகு போனால் தெரியும்.

காகாவின் வீட்டுக்கு ஒரு மழைக்காலத்தில் நானும் மனைவியும் போனோம். அது ஒரு போளுக்குள் இருந்தது. போள் என்றால் ஒற்றை வாசல் வைத்த தெருக்கூட்டம். உள்ளே போகப்போகக் கிளை பிரிந்துகொண்டே இருக்கும். வாசலில் ஒரு கரும்பலகை. யார் வீட்டில் சாவு, எப்போது தண்ணீர் வராது, எந்த வீட்டுப் பையன் சி.ஏ. தேறினான் எல்லாம் அதில் சாக்பீஸில் எழுதியிருந்தது. அதற்கு அடுத்துத் தெருநடுவே ஒரு கம்பத்தின் உச்சியில் சித்திர வேலைப்பாட்டோடு புறாக்கூண்டு மாதிரி ஒன்று, சபூத்ரோ என்கிறார்கள். பறவைகளுக்குத் தானியம் வைக்கிற இடம். நகரம் கட்டக்கட்ட மரங்களை வெட்டியாயிற்று, அதற்கு ஈடு இது என்பது ஊரார் விளக்கம். வீடுகளின் முகப்பு முழுக்கத் தேக்கில் செதுக்கல். ஒவ்வொரு வீட்டுக்கும் திண்ணை உண்டு. அதில் உட்கார்ந்து பெண்கள் பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவே ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்த மாதிரி நெருக்கம். அவசரத்துக்கு ஒரு போளிலிருந்து அடுத்த போளுக்குத் தப்பிப்போக வெளியாருக்குத் தெரியாத வழிகளும் இருந்தன. சண்டையும் கலவரமும் பார்த்த ஊரில் அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல.

காகா என்னை நேரே முற்றத்துக்குக் கூட்டிப்போய், தரையில் பதித்த சிறு மூடியைத் திறந்தார். உள்ளே இருட்டு. ஒரு கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தை உள்ளே இறக்கினார். அடியில் தண்ணீர் மின்னியது. வீட்டுக்கு அடியில் ஓர் அறையளவு தொட்டி. டாங்கா என்று பெயர். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்குகிறது. முதல் மழையை வெளியே விட்டுக் கூரையைக் கழுவிவிடுவார்கள், அப்புறம்தான் பிடிப்பு. வெளிச்சம் படாததால் பாசி பிடிக்காது. "மக நட்சத்திரத்தில் பெய்கிற மழைதான் உயர்ந்தது, அது கங்கைக்குச் சமம்" என்றார் அவர் மனைவி, காகி. ஆகஸ்ட் பாதிக்குமேல் வரும் அந்த நாட்களுக்குள் பருவமழை காற்றையும் கூரையையும் நன்றாகக் கழுவி முடித்திருக்கும் என்று நான் எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். பித்தளைச் சொம்பில் மொண்டு கொடுத்தார். போன வருடத்துத் தண்ணீர். அந்த ஊர்க் குழாயில் உப்புத்தண்ணீர் குடித்துப் பழகிப்போன எனக்கு அது இளநீரைவிடத் தேவலை என்று பட்டது.

பிறகு ஒரு கிண்ணத்தில் ஆவி பறக்க வெள்ளையாக எதையோ கொண்டுவந்து வைத்தார். மேலே பச்சைக் கடலை எண்ணெய், சிவப்பாக வெந்தயம் சேர்த்த ஊறுகாய்ப் பொடி. ஒரு வாய் வைத்ததும் என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வடகக் கூழ்! மொட்டைமாடியில் அரிசி வடகம் பிழிகிற அன்று, காக்காய் விரட்ட உட்காரவைத்த பிள்ளைகள் திருடித் தின்போமே, அதே கூழ். பச்சைமிளகாய், சீரகம், உப்பு, கொதிநீரில் கிளறிய அரிசிமாவு. கீச்சு என்கிறார்கள். விசாரித்தால் அங்கேயும் கதை அதுதான்: அரிசி அப்பளம் இடுவதற்காகக் கிளறுகிற மாவு, பிள்ளைகள் தின்று தின்று தனிப் பலகாரமாகிவிட்டது. நாம் அதைத் திருட்டுத்தீனியாகவே வைத்திருக்கிறோம். அவர்கள் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். காலையில் போள் வாசலில் பாத்திரத்தோடு வந்து நிற்கும் பெண்களிடம் வாங்கவேண்டும். சூடு ஆறிவிட்டால் பசையாகிவிடும். ஆகவே பத்து மணிக்குமேல் தேடிப் பயனில்லை.

ஞாயிறு காலை பாப்டா, ஜிலேபி. கடலைமாவு உருண்டையை மரப்பலகையில் வைத்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் நீட்டி, கத்தியால் வழித்து எண்ணெயில் விடுகிற வேகத்தைப் பார்ப்பதற்கே வரிசையில் நிற்கலாம். கூடவே பச்சைப் பப்பாளித் துருவல், பொரித்த மிளகாய், மஞ்சளாகக் கடலைமாவுக் குழம்பு. இனிப்பையும் காரத்தையும் மாற்றி மாற்றிக் கடிக்கவேண்டும். முதலில் எனக்கு ஒவ்வவில்லை. பருப்பிலேயே வெல்லம் போடுகிற ஊராயிற்றே என்று சலித்துக்கொண்டேன். பிறகு சனி இரவே நாக்கு எதிர்பார்க்க ஆரம்பித்தது. கோட்டையின் ராய்ப்பூர் வாசலில் ஒரு பஜ்ஜிக் கடை. சட்னி கிடையாது. கேட்டால் முறைப்பார்கள். சட்னி வேண்டுமென்றால் பஜ்ஜியில் குறை என்று அர்த்தமாம். டீக்கடையில் 'அட்தி', அதாவது அரை டீ, கேட்பது கௌரவக் குறைவில்லை. காசு எண்ணுகிற காகாவும் மில் முதலாளியும் அரைதான் கேட்பார்கள்.

லால் தர்வாஜா பக்கம் லக்கி ரெஸ்டாரெண்ட் என்று ஒன்று. மேசைகளுக்கு நடுவே பச்சை வர்ணம் அடித்த சமாதிகள், சுற்றி இரும்புக் கம்பி. பழைய இடுகாட்டு நிலத்தில் எழுந்த டீக்கடை, சமாதிகளை நகர்த்தாமல் சுற்றிலும் நாற்காலி போட்டுக்கொண்டது. தினமும் காலையில் அவற்றைத் துடைத்துப் பூ வைத்துவிட்டுத்தான் வியாபாரம். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் அங்கே டீ குடிக்க வந்ததுண்டு. அவர் கொடுத்த ஓவியம் சுவரில் தொங்குகிறது. பன் மஸ்கா நன்றாக இருக்கும். நான் பக்கத்துச் சமாதியின் மீது முழங்கை படாமல் உட்காரப் பாடுபட்டபோது, எதிரே இருந்தவர் பேப்பரை அதன் கம்பியில் மடித்துத் தொங்கவிட்டுவிட்டு டீயை உறிஞ்சினார்.

அசைவம் என்றால் தீன் தர்வாஜா அருகே பட்டியார் கல்லி. குஜராத் என்றால் சைவம் என்ற நம் நினைப்பை அந்தச் சந்து ஒரே மாலையில் தீர்த்துவிடும். ரம்ஜான் மாதத்தில் எங்கள் கடன் பிரிவு நண்பர் கூட்டிப்போனார். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்றுப் பிறகு போகவேண்டும். முதல் கூட்டம் உட்கார்ந்து எழுந்துவிடும், கரியடுப்பும் நன்றாகப் பற்றியிருக்கும். சீக் கபாபை அவர் என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். கொத்தமல்லியும் மிளகாயும் அரைத்த பச்சைச் சட்னி, வெங்காய வளையம், தந்தூர் ரொட்டி. காகாவிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் சுத்த வைஷ்ணவர். சொன்னேன். "எத்தனை மணிக்குப் போனீர்கள்?" என்றுதான் கேட்டார்.

காகா சொல்லியிராவிட்டால் போயிருக்கவே மாட்டேன் என்கிற ஓர் இடம், அசர்வாவில் இருக்கும் தாதா ஹரி வாவ். அடாலஜ் படிக்கிணறு எல்லோருக்கும் தெரியும். 1499இல் ராணி ரூடாபாய் கட்டி முடித்தது, ஐந்தடுக்கு, பேருந்து பேருந்தாகக் கூட்டம். அதே காலத்தில், மகமூத் பேகடா சுல்தானின் அந்தப்புரத்துப் பெண் அதிகாரியான பாய் ஹரீர் கட்டிய படிக்கிணறு ஊருக்குள்ளேயே, ரயில் பாதைக்கு அப்பால் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே கிடக்கிறது. ஆட்டோக்காரருக்கே நான் வழி சொல்லவேண்டியிருந்தது. காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே போகச் சொல்லியிருந்தார் காகா, கிழக்கு வாசல். வெயில் படியிறங்கி அடுக்கடுக்காகத் தூண்களைத் தொட்டுக்கொண்டு உள்ளே போகிறது. நாமும் அதன் பின்னாலேயே போகலாம். ஒவ்வொரு தளத்துக்கும் குளிர்ச்சி கூடிக்கொண்டே வரும். சுவரில் இரண்டு கல்வெட்டுகள், ஒன்று அரபியில், ஒன்று சமஸ்கிருதத்தில். கட்டியவள் முஸ்லிம், தண்ணீர் குடிக்க வருபவர் யாராயிருந்தாலும் தன் பெயர் தெரியவேண்டும் என்று எண்ணியிருக்கிறாள். இரண்டாம் தளத்தில் நான்கு கிழவர்கள் சீட்டு ஆடினார்கள். ஒருவர் தூங்கினார். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. சீட்டுக்காரர்களில் ஒருவர் எழுந்துவந்து, சற்றுத் தள்ளி இன்னொரு படிக்கிணறு இருக்கிறது, மாதா பவானி வாவ், இதைவிட நானூறு வருடம் பழையது, அடியில் அம்மன் குடியேறிவிட்டாள், போய்க் கும்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். போனேன். பத்தி வாசனையும் மணிச்சத்தமுமாக அது இன்னும் உயிரோடு இருந்தது. ஒரு கிணறு சீட்டாட்டத்துக்கு, ஒரு கிணறு அம்மனுக்கு. இரண்டிலும் இறைக்கத் தண்ணீர் இல்லை. அடாலஜை நான் குறை சொல்லவில்லை. செதுக்கல் அங்கே நிச்சயம் மேலானது. ஆனால் படிக்கிணறு எதற்காகக் கட்டினார்கள் என்பது எனக்கு அசர்வாவில்தான் தெரிந்தது.

சபர்மதி அப்போது மணல்தான். 1892இல் கட்டிய எல்லிஸ் இரும்புப் பாலத்துக்கு அடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் குஜ்ரி என்ற பழைய பொருள் சந்தை. அகமது ஷா காலத்திலேயே தொடங்கியது என்று சொல்வார்கள். ஆட்டுக்குட்டி, சைக்கிள் செயின், கிழிந்த கலைக்களஞ்சியம், மில் நூற்புக் கதிர் எல்லாம் மணலில் பரப்பியிருக்கும். எண்பதுகளில் மில்கள் ஒவ்வொன்றாக மூடிய ஊர் அது. அந்த மில்களின் சாமான்கள் அங்கே வந்து விழுந்தன. அவற்றோடு இடித்த போள் வீடுகளின் தேக்குத் தாங்கிகள், யானைமுகம் செதுக்கியவை, எடைக்கு எடை விலையில். காகா ஒரு தாங்கியைத் தடவிப் பார்த்து, இது எங்கள் தெருப்பக்கத்து வேலை என்றார். வாங்கவில்லை. 1997 நவம்பரில் மாநகராட்சி காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து ஜும்மா மசூதிவரை பாரம்பரிய நடை என்று ஒன்றைத் தொடங்கியது. தினமும் காலை எட்டு மணிக்கு. கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த வீடு போய்விட்டதால் முகப்பை மட்டும் மறுபடி எழுப்பி, திண்ணையில் அவரைச் சிலையாக உட்காரவைத்திருக்கிறார்கள்; நடையில் அதுவும் வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் காகா அதற்கு வர மறுத்தார். "என் தெருவைப் பார்க்க நான் சீட்டு வாங்கவேண்டுமா?"

நான் மாற்றலாகி வந்த பிறகு அவர் குடும்பமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக்குப் போய்விட்டது. வண்டி நிறுத்த இடமில்லை, கழிவறை வசதியில்லை, ஊரடங்கு வந்தால் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகமுடியாது. காரணம் எல்லாம் நியாயமானவை. 2017இல் யுனெஸ்கோ அகமதாபாத்தை இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது, காடியாவில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆற்றில் இப்போது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர் நிற்கிறது. கரையில் கான்கிரீட் நடைபாதை. குஜ்ரிக்கு மேடை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மணிநகர், கோக்ராப் பக்கம் இருந்தார்கள். நாங்கள் குடியிருந்ததும் மணிநகரில்தான். எங்கள் தெருமுனையில் இட்லி விற்ற அக்கா வேலூர்க்காரர். குஜராத்தியில் பேரம் பேசி, தமிழில் திட்டுவார். அவர் பிள்ளைகள் படித்த தமிழ்வழிப் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று 2020இல் மூடப்பட்டது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மே மாதம் போகாதீர்கள். ஜனவரி 14க்குப் போங்கள். உத்தராயண், பட்டத் திருவிழா. ஊர் முழுக்க மொட்டைமாடியில் இருக்கும். ஒரு வாரம் முன்னதாகவே போனால், தெருவோரக் கம்பங்களில் நூலைக் கட்டி, கண்ணாடித்தூள் கலந்த ரோஜாநிறப் பசையைக் கையால் பூசிக்கொண்டே நடக்கிற நூல்காரர்களைப் பார்க்கலாம். விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள். அப்படியும் ரத்தம் கசியும். அந்த நூலில் பறவைகள் அறுபடுவது நிஜம். சபூத்ரோ கட்டின ஊரில் இப்படியா என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் போளின் கூரைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கிற விதம் அன்றைக்குத்தான் தெரியும். ஓட்டின் மேல் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள், பட்டம் அறுந்தால் "காய்ப்போ சே" என்று ஒரு தெருவே கத்தும். மதியம் அண்டா அண்டாவாக ஊந்தியு: சூரத் அவரை, ஊதாநிறச் சேனைபோல ஒரு கிழங்கு, குட்டிக் கத்திரிக்காய், வாழைக்காய், வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் எண்ணெயில் மிதக்கும். கூட ஜிலேபி. கடைகளில் காலை ஏழு மணிக்கே வரிசை; பதினொன்றுக்குப் போனால் தீர்ந்துபோயிருக்கும். கோட்டைக்குள் தங்க வீடு கிடைத்தால் நல்லது. பழைய வீடுகள் சிலவற்றை இப்போது விடுதியாக்கியிருக்கிறார்கள், மாடி வாடகைக்கும் விடுகிறார்கள். டிசம்பருக்கு முன்பே பேசிவிடுங்கள். பொங்கலுக்கு வீட்டில் இல்லை என்று அம்மா கோபித்துக்கொள்வார். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.